மேல்மண்

சங்கரன்கோவில்,
ஆடி மாதம், வியாழன் இரவு.

அன்புத் தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கோபத்தில் வைத்தாயா, குரல் எழும்பாமல் வைத்தாயா என்று தெரியவில்லை. திரும்பக் கூப்பிடலாம் என்றால் உன்னைப் பேசவைப்பதே இப்போது தப்பு. நானும் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு, தறிச்சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி. ஒரே மூச்சில் முடியாவிட்டால் மீதியை நாளைக்குப் படி. ஆனால் முழுசாகப் படி.

நீ சொன்னது இதுதான். "ஒரு தடவை சதை எடுத்துப் பாத்தாச்சு. கெட்டது இல்லன்னு எழுதிக் குடுத்தாச்சு. இப்ப மயக்கம் குடுத்து மறுபடி எடுக்கணும்னா எதுக்குக்கா?" பக்கத்திலிருந்து உன் வீட்டுக்காரி, "கத்தி படப்படப் பரவிரும்னு எல்லாரும் சொல்லுதாக மதினி" என்றாள். ஆடித் தபசுக்கு ஊருக்கு வந்து கோமதி அம்மனைக் கும்பிட்டு, புற்றுமண் வாங்கிப் பூசிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம் என்று முடித்துவிட்டாய்.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். எத்தனையோ பேருடைய தொண்டைச் சதை என் கைவழியாகப் போயிருக்கிறது. உன் பாப்பா போனில் படம் எடுத்து அனுப்பிய உன் ரிப்போர்ட்டை நான்கு தடவை படித்துவிட்டேன். 'கெட்டது இல்லை' என்று அதில் எங்குமே எழுதவில்லை, ராசா. இரண்டு மில்லிமீட்டரில் இரண்டு துண்டு வந்தது, மேல்தோல் தடித்திருக்கிறது, அணுக்களில் லேசான மாறுதல் தெரிகிறது, அனுப்பிய துண்டில் ஊடுருவல் தெரியவில்லை, அடிப்பகுதி வந்து சேரவில்லை, குரல் கம்மல் தொடர்ந்தால் ஆழமாக எடுத்து அனுப்பவும். இவ்வளவுதான் அதில் இருப்பது. ஆங்கிலத்தில் இருந்ததால் 'இல்லை' என்ற ஒரு சொல் மட்டும் உன் கண்ணில் பட்டிருக்கிறது. யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

தொண்டை என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். டாக்டருக்கு அது பல இடம். மூக்குக்குப் பின்னால் ஒரு பகுதி. வாயைத் திறந்து 'ஆ' என்றால் தெரிகிற பகுதி ஒன்று, உள்நாக்கும் டான்சிலும் இருப்பது. அதற்கும் கீழே, கண்ணாடியோ கேமராவோ விட்டால்தான் தெரிகிற பகுதி ஒன்று. அங்கேதான் பாதை பிரிகிறது. முன்னால் குரல்வளையும் மூச்சுக்குழாயும், பின்னால் உணவுக்குழாயும். மூக்கில் வருகிற காற்று பின்னாலிருந்து முன்னுக்கு வர வேண்டும், வாயில் போட்ட சோறு முன்னாலிருந்து பின்னுக்குப் போக வேண்டும். ரோடும் தண்டவாளமும் வெட்டிக்கொள்கிற ரயில்வே கேட் மாதிரியான இடம் அது. சங்கு என்று நாம் சொல்கிற மேட்டில் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பார். மேலே ஏறி இறங்குகிறதா? குரல்வளை முழுசும் தூக்கிக்கொண்டு போய் நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. அதன் மேலே இலை மாதிரி இருக்கிற மூடி கவிழ்கிறது. உள்ளே குரல்நாண் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு வாய்ச் சோற்றுக்கு மூன்று காவல்.

அந்தக் குரல்நாணில், இடது பக்கத்தில்தான் உனக்கு வெள்ளையாக ஒரு தடிப்பு இருக்கிறது. ஆம்பளைக்கு அது இரண்டு சென்டிமீட்டர் நீளம் போல இருக்கும். நீ பேசும்போது நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்கிறது. அதன் ஓரத்தில் ஒரு கடுகளவு தடித்தாலும் குரல் கம்மிவிடும். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. உடம்பில் வேறெங்கோ ஒளிந்து வளர்கிற நோய், குரல்நாணில் வந்தால் ஆரம்பத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு, அங்கிருந்து கழுத்து நெறிகளுக்குப் பரவ நாளாகும். கெட்டதாகவே இருந்தாலும், ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் கதிர் வைத்தோ லேசரில் எடுத்தோ பத்தில் ஒன்பது பேருக்குப் போலக் குணமாகிறது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் குரல்வளையைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான விதி. நீ நான்கு மாசம் கழித்துப் போனாய். தறிச்சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வந்தது என்று நினைத்துக்கொண்டாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதுதான் எனக்கு ஆறவில்லை.

தொண்டைக்குப் போனவனுக்கு நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள் என்று வருத்தப்பட்டாயே, அதற்கும் காரணம் உண்டு. இடது குரல்நாணை அசைக்கிற நரம்பு நேராக அங்கே போவதில்லை. கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாயின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருகிறது. நெஞ்சில் ஒரு கட்டி அந்த நரம்பை அழுத்தினாலும் குரல் போகும். அதனால் பார்த்திருக்கிறார்கள். அது சரியான வேலை, உன்னுடையது சுத்தமாக இருந்தது.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். குரல்நாணின் மேல்தோலை வெற்றிலைக் கவுளி மாதிரி நினைத்துக்கொள். அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். அடிவரிசையில் இருப்பவை குண்டாக, புதுசாகப் பிறந்தவை. மேலே வர வர இலை மாதிரித் தட்டையாகி, கடைசியில் உதிர்ந்துபோகும். கவுளிக்கு அடியில் மெல்லிய விரிப்பு ஒன்று இருக்கிறது, அடித்தளச் சவ்வு என்பார்கள். பீடிப் புகையோ புகையிலைச் சாறோ வருஷக்கணக்கில் பட்டால் அடுக்கு கலைய ஆரம்பிக்கும். குண்டு அணுக்கள் கீழேயே நிற்காமல் மேலேயும் வரும், உட்கரு பெரிசாகிக் கறுக்கும். அடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கலைந்திருந்தால் லேசான டிஸ்பிளேசியா, மூன்றில் இரண்டு பங்கு வரை போனால் நடுத்தரம், அதற்கும் மேலே போனால் கடுமை. இவை எதுவும் இன்னும் புற்றுநோய் இல்லை. அந்த விரிப்பைக் கிழித்துக்கொண்டு அணுக்கள் கீழே இறங்கினால்தான் புற்றுநோய் என்று எழுதுவார்கள். ஆக, கேள்வி முழுசும் அந்த விரிப்பில் இருக்கிறது. உன் துண்டில் விரிப்பே வரவில்லை. மேலே இருந்த நான்கு வெற்றிலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு விரிப்பு கிழிந்திருக்கிறதா இல்லையா என்று எந்த டாக்டர் சொல்வார்?

முதல் தடவை எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. முழித்திருக்கும்போது மரத்துப்போகிற மருந்தை அடித்துவிட்டு, மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு எடுத்தால் அவ்வளவுதான் வரும். அந்தக் கிடுக்கியின் வாயே ஓர் அரிசி அகலம்தான். நீ இருமினால் அதுவும் நழுவும்.

அந்தத் துண்டு என்ன பாடு படுகிறது என்று உனக்குச் சொன்னதே இல்லை. சின்ன பாட்டிலில் ஃபார்மலினில் மிதந்து வரும். பச்சைப்பயறு அளவு இருந்தால் பெரிய துண்டு. பாதி நேரம் கடுகளவுதான். பாட்டில் மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொலைந்துவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் வைத்து, வடிதாளில் மடித்து, சின்ன டப்பாவில் போடுவேன். ராத்திரி முழுக்க ஆல்கஹாலிலும் சைலினிலும் ஊறி, தண்ணீரெல்லாம் வெளியேறி, காலையில் உருகிய மெழுகுக்குள் வரும். அப்போது அதைக் கிடுக்கியால் எடுத்து மெழுகில் நிறுத்த வேண்டும். என் வேலையிலேயே ரொம்பக் கவனமான நேரம் அதுதான். துண்டைப் படுக்கவைத்துவிட்டால் வெட்டும்போது கவுளியின் குறுக்கே போய்விடும், மேலது எது அடியது எது என்று தெரியாது. விளிம்பு நிமிர்ந்து நிற்கும்படி நிறுத்த வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்துவேன். பிறகு மைக்ரோடோமில் வைத்துச் சீவுவோம். ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு கனம்தான் ஒரு சீவல். வெதுவெதுப்பான தண்ணீரில் நாடா மாதிரி மிதக்கும், கண்ணாடியால் ஏந்தி எடுப்போம். சாயம் போட்டால் அணுக்களின் உட்கரு நாவல்பழ நிறத்திலும் மற்றதெல்லாம் ரோஸாகவும் தெரியும். அதைத்தான் டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதுகிறார். அவர் பார்ப்பது உன் தொண்டையை இல்லை, தம்பி. அந்தச் சீவலை. அதில் இருப்பதை மட்டும்தான் அவரால் எழுத முடியும்.

இதற்கு உலகமே பார்த்து வருத்தப்பட்ட ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பெரிய டாக்டரம்மா சொன்னது. 1887-ல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெட்ரிக்குக்கு உன்னை மாதிரியே குரல் கம்மியது, இடது குரல்நாணில்தான் மேடு. ஜெர்மன் டாக்டர்கள் புற்றுநோய் என்று சந்தேகித்து மே மாசம் அறுவைக்குத் தயாரானார்கள். இங்கிலாந்திலிருந்து மோரல் மெக்கன்சி என்ற தொண்டை டாக்டரை வரவழைத்தார்கள். அவர், முதலில் சதை எடுத்துப் பார்க்கலாம் என்று சின்னத் துண்டு ஒன்றைக் கிள்ளி எடுத்தார். பார்த்தவர் சாதாரண ஆள் இல்லை. உடம்பு நோயை அணுவில் தேட வேண்டும் என்று உலகத்துக்குச் சொன்ன ருடால்ஃப் ஃபிர்ஹோவ். துண்டில் புற்றுநோய் இல்லை என்றார். அறுவையை நிறுத்திவிட்டார்கள். மறுபடி எடுத்து அனுப்பியதிலும் இல்லை. ஆனால் எடுத்த துண்டுகளை வைத்து முழு நோயைப் பற்றியும் சொல்லிவிட முடியாது என்று ஃபிர்ஹோவ் தன் அறிக்கையிலேயே எழுதியிருந்தார். அந்த வரியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நவம்பரில் கட்டி தெளிவாகத் தெரிந்துவிட்டது. அடுத்த பிப்ரவரியில் மூச்சுவிட முடியாமல் கழுத்தில் துளை போட்டார்கள். 1888 மார்ச்சில் அவர் சக்கரவர்த்தி ஆனபோது பேச்சே கிடையாது, காகிதத்தில் எழுதிக் காட்டித்தான் ஆண்டார். தொண்ணூற்றொன்பதே நாள். ஜூன் 15-ல் போய்விட்டார்.

உன் ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு ஃபிர்ஹோவின் அந்த வரிதான் ஞாபகம் வந்தது. நம்மிடமும் எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் முடியவில்லை. உனக்கு அப்போது பன்னிரண்டு வயசு, பாதி ஞாபகம் இருக்காது. முதலில் காதுவலி என்றுதான் சொன்னார். அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டே இருந்தாள். காதில் ஒன்றும் இல்லை. தொண்டைக்கும் காதுக்கும் கிளை போகிற நரம்பு ஒன்றே, தொண்டையில் வைத்த நெருப்பு காதில் சுடும். இது எனக்குத் தெரிந்தது நாலைந்து வருஷம் கழித்து. பிறகு எச்சில் விழுங்க முடியவில்லை. பிறகு தாடைக்குக் கீழே நெறி கட்டியது. துண்டைக் கழுத்தில் சுற்றி மறைத்துக்கொண்டே தறியில் நின்றார். டாக்டர், திருநெல்வேலிக்குப் போய்ச் சதை எடுத்துப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டில் கூடிப் பேசினார்கள். "கத்தி வச்சா பரவிரும், வேண்டாம்" என்று பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்பாவும் சரி என்றுவிட்டார். அம்மா தினமும் சாயங்காலம் புற்றுமண்ணைக் குழைத்து அந்தக் கட்டிமேல் பூசினாள். அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகியபடியே இருந்தது. ஆறு மாசத்தில் போய்விட்டார்.

அப்பாவுக்கு என்ன நோய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெற்றிலையும் புகையிலையும் போட்டவர், அதனால் புற்றுநோய்தான் என்று ஊர் சொல்லிவிட்டது. ஆனால் தொண்டையில் காசநோய் வந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். அதே குரல் கம்மல், அதே விழுங்க முடியாத வலி, அதே காதுவலி, அதே நெறி. கேமராவில் பார்த்தாலே டாக்டர்கள் குழம்புவார்கள். திசுவில் பார்த்தால் வேறு முகம், மாத்திரையில் தீருகிற நோய். எங்கள் கூடத்தில் வருஷத்துக்கு ஒன்றிரண்டாவது அப்படி வரும். புற்றுநோய் என்று பயந்து அழுதுகொண்டு வந்தவர்கள் காசநோய் மாத்திரையோடு திரும்பிப் போவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன்.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. முற்றின பிறகு வருகிறவர்களுக்குத்தான் நம் பக்கத்தில் சதை எடுப்பார்கள், எடுத்த கொஞ்ச நாளில் போய்விடுவார்கள், பழி கத்திமேல் விழும். தொண்டையில் ஒரு பயறளவு கிள்ளி எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுத்துப் பார்க்காமல் எந்த டாக்டரும் கதிர் வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இரு. உனக்குக் கழுத்தில் நெறி இல்லை. நாளைக்கு ஒன்று வந்து, அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது அவசரப்பட்டால் முதலில் ஊசியால் உறிஞ்சிப் பார்க்கச் சொல்லு. கழுத்து நெறியை நேரே வெட்டித் திறப்பது முதல் வேலை இல்லை.

புற்றுமண்ணை நான் தள்ளிச் சொல்லவில்லை. இன்றைக்கும் காலையில் நெற்றியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். நம் ஊரில் பிறந்தவர்களுக்குப் புற்று என்றால் பயம் கிடையாது, அது அம்மன் வீடு. இந்த நோய்க்கும் அந்தப் பெயரே வந்தது, அடியில் கிளைவிட்டு ஓடி மேலே மேடாக எழும்புவதால்தான் என்று எனக்குத் தோன்றும். சின்ன வயசில் கண்மாய்க்கரைப் புற்றில் நீ குச்சியை விட்டுக் குத்தியபோது அப்பா சத்தம் போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? "மேல்மண்ணப் பாத்துட்டு உள்ள ஒண்ணும் இல்லன்னு நினைக்காதல" என்றார். உன் முதல் பயாப்சி மேல்மண்.

இரண்டாவது தடவை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், தெரியாததால்தான் பாதி பயம். முந்தின ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. முழு மயக்கம். வாய் வழியாக ஓர் உலோகக் குழலை வைத்து, மைக்ரோஸ்கோப்பைப் பொருத்தி, குரல்நாணைப் பெரிசாக்கிப் பார்த்து, அடிவரை வரும்படி எடுப்பார்கள். பெரும்பாலும் அரைமணி நேரம். 1854-ல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் பல் டாக்டர் கண்ணாடியை வாய்க்குள் வைத்து, வெயிலை இன்னொரு கண்ணாடியால் திருப்பித் தன் குரல்நாணைத் தானே பார்த்தாராம். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. உன் மேல்பல் ஒன்று ஆடுகிறதே, அதை மயக்க டாக்டரிடம் மறக்காமல் சொல்லு, குழல் பட்டு விழுந்துவிடக் கூடாது. நீ சாப்பிடுகிற ரத்தம் இளக்குகிற மாத்திரையைப் பற்றியும் சொல்லு. நீயாக நிறுத்தாதே, அவர்கள் சொன்னபடி செய். எழுந்த பிறகு தொண்டை எரியும், ஒன்றிரண்டு நாள் எச்சிலில் லேசாக ரத்தம் தெரியும். பயப்படாதே. புது ரத்தமாக வந்தாலோ மூச்சு இழுத்தாலோ உடனே போய்விட வேண்டும். எத்தனை நாள் பேசக் கூடாது என்கிறார்களோ அத்தனை நாள் பேசாதே, கிசுகிசு என்றும் பேசாதே. கிசுகிசுப்பதும் குரலுக்குச் சிரமம்தான்.

ரிசல்ட் வர ஒரு வாரம் போல ஆகும். அந்த வாரம்தான் கஷ்டம். வந்த பிறகும் மெழுகுக் கட்டிகளை அவர்கள் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். உனக்குச் சந்தேகம் இருந்தால் கேட்டு வாங்கி, ஸ்லைடோடு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இன்னொரு தடவை படிக்கக் கொடுக்கலாம். தங்கை புற்றுநோயில் போன துக்கத்தில் முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1954-ல் தொடங்கிய இடம் அது. பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்து வை, குறைந்ததை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பீடியை மட்டும் இன்றைக்கே விடு. லேசான மாறுதல் பீடியை விட்டால் தானாக அடங்கிப்போவதும் உண்டு. பாக்குப் பொட்டலமும் வேண்டாம். புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிக் குழு இருபது வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. உன் வீட்டுக்காரிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தபசுக்குக் கொடியேறிவிட்டது. நான் ஆடிச்சுற்று நூற்றொன்று வேண்டியிருக்கிறேன், தினமும் விடியற்காலை கோயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுகிறேன். முழங்கால் விடவில்லை, இன்னும் முப்பத்திரண்டு இருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்குள் முடித்துவிடுவேன். அன்று ராத்திரி பஸ் ஏறினால் புதன் காலையில் உன் வீட்டில் இருப்பேன். புற்றுமண் நானே கொண்டு வருகிறேன், அதற்காக நீ வர வேண்டாம். வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் தேதி வாங்கச் சொல்லிப் பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். துண்டு எடுத்த பாட்டிலை ஒரு தடவை என் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். கொடுப்பார்களோ என்னவோ. மூடி இறுக்கமாக இருக்கிறதா, ஃபார்மலின் துண்டுக்கு மேலே நிற்கிறதா, உன் பேர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இதற்குப் பதில் சொல்ல போன் பண்ணாதே. 'சரி' என்று ஒரு வார்த்தை டைப் பண்ணி அனுப்பு, போதும்.

உன் அக்கா